செங்கொடி ஸ்டாண்டில் ஆயுத பூஜை: சாமி கும்பிட்டால் வலதுசாரியா?

கல்மண்டபம் ஸ்டாண்டு (இழையைத் தொடங்கியவர்)

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் 22 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டு செங்கொடிச் சங்கத்தைச் சேர்ந்தது. பெயர்ப்பலகையில் அரிவாள் சுத்தியல், அதற்கு நேர் கீழே சின்னதாக ஒரு பிள்ளையார் மாடம். இரண்டும் ஒரே வருடத்தில் வந்தவை. பலகைக்கு வசூலித்த பணத்தில் கொஞ்சம் மிஞ்சியது, அதில் பிள்ளையார் வந்துவிட்டார்.

இந்த ஆயுத பூஜைக்கும் வழக்கம்போல வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசணிக்காய்க்குள் குங்குமத்தையும் சில்லறையையும் போட்டுச் சங்கச் செயலாளர்தான் உடைத்தார். பொரி வாங்க என் அக்கா மகன் வந்திருந்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நிறையப் படிப்பான். பலகையையும் பூசணிக்காயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமா, உலகம் முழுக்க சாமி கும்பிடுகிறவன் வலது பக்கம் சாய்வான், கும்பிடாதவன் இடது பக்கம் சாய்வான். நீங்கள் மட்டும் எந்தக் கணக்கிலும் வராத ஆட்கள்" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. நாங்கள் கணக்கில் வராதவர்களா, இல்லை கணக்கே தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

மெயின் ரோடு மாடி

தலைப்பை இப்படி வைத்துவிட்டுக் கட்சிச் சண்டை வேண்டாமாம். நான் சுண்டலோடு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பின்னி

உங்கள் மருமகனிடம் ஒன்று கேளுங்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் எங்கே பிறந்தது? நம் பெரம்பூரில். எதிலிருந்து பிறந்தது? ஒரு பக்திச் சபையிலிருந்து.

எங்கள் வீட்டில் 'மில்லு' என்றால் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் ஒன்றுதான். அப்பா அங்கே நெசவுப் பகுதியில் இருந்தார். அவர் சொல்லிக் கேட்டு, பிறகு நானும் தேடிப் படித்த கதை இது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். பெயரிலேயே தெரிகிறது, பெருமாள் பெயரில் பஜனை, சமயச் சொற்பொழிவு. மில் தொழிலாளிகள் அங்கே வந்து உட்காருவார்கள். திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். பிரசங்கம் கேட்க வந்தவர்கள் நாளடைவில் மில்லில் படும் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார்கள். விடிந்ததும் உள்ளே போனால் பொழுது சாயும் வரை வேலை, நிம்மதியாக நாலு வாய் சோறு தின்ன இடைவேளை போதாது, இதில் மேலாட்களின் அடாவடி வேறு.

செட்டியாரும் நாயுடுவும் பி.பி.வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா பார்சிக்காரர், பிரம்மஞான சபையில் இருந்தவர், அன்னி பெசன்ட்டோடு வேலை செய்தவர். திரு.வி.க. ஊறிய சைவர், முருகனைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். ஆக, பெருமாள் சபையில் ஒரு சைவர் பேச, ஒரு பார்சி தலைமை ஏற்க, வெள்ளைக்கார முதலாளியை எதிர்த்துச் சங்கம் வந்தது. பூசணிக்காய் உடைத்தது தப்பில்லை தோழர்.

மூன்றாம் பீரியட்

பின்னி ஐயா சொன்னது உண்மை. ஆனால் மருமகன் காற்றில் பேசவில்லை. அவர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

இடது, வலது என்ற பேச்சே 1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தது. சபை போடும் சட்டத்தைத் தடுக்க மன்னருக்கு அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். கூடாது என்றவர்கள் இடப்பக்கம். அந்த நாட்டில் திருச்சபை சும்மா பூஜை செய்துகொண்டிருந்த இடம் இல்லை. பெரிய நிலவுடைமையாளர், விளைச்சலில் பங்கு வாங்கியது, குருமார் தனி வகுப்பாகவே சபைக்கு வந்தார்கள். அந்த வருடம் நவம்பர் 2 அன்று திருச்சபைச் சொத்தை நாட்டின் கையில் எடுத்தார்கள். 1790-ல் குருமார் அரசுக்குப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்த பாதிரி, எடுக்காத பாதிரி என்று ஊருக்கு ஊர் பிளந்தது. அந்தச் சண்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஓடி, 1905-ல் அரசையும் திருச்சபையையும் சட்டம் போட்டுப் பிரித்த பிறகும் முழுதாக அடங்கவில்லை. மத நம்பிக்கை உள்ளவன் வலது என்ற பழக்கம் அந்த ஊரில் அப்படித்தான் ஏற்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். சண்டையின் வேர் கடவுள் உண்டா இல்லையா என்பதில் இல்லை. நிலம் யாருடையது, வரி யாருக்கு, பாதிரியை யார் நியமிப்பது, இதுதான் வழக்கு.

மெயின் ரோடு மாடி

அங்கே உட்கார்ந்த இடத்தை வைத்துக் கட்சி. இங்கே காலையில் பாரிமுனைப் பேருந்தில் உட்காரவே இடம் கிடையாது, அதனால்தான் நமக்கு இடது வலது சரியாகப் பிடிபடவில்லை போல.

பௌர்ணமி அக்கா

நிலம் யாருடையது என்று வாத்தியார் சொன்னதும் எழுதத் தோன்றியது.

நான் திருவொற்றியூர்ப் பக்கம். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று பேரையும் பார்க்காமல் வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டேன். என்னை நாத்திகவாதி என்று யாரும் சொல்ல முடியாது.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் மனை ஒரு கோயிலுக்குச் சொந்தமானது. எந்தக் கோயில் என்று எழுத மாட்டேன், அது வேண்டாம். மனை கோயிலுடையது, மேலே எழுப்பிய வீடு எங்களுடையது. மாமனார் காலத்தில் தரை வாடகை என்று கொஞ்சம் கட்டி வந்தோம், ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அப்புறம் நியாய வாடகை என்று ஒன்று வந்தது. சந்தை விலையை வைத்துக் கணக்குப் போட்டு, பழைய தேதியிலிருந்து பாக்கி என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். பாக்கியைப் பார்த்தால் வீட்டுக்காரர் இரண்டு வருடம் சம்பாதிக்கிற பணம். கட்டாவிட்டால் ஆக்கிரமிப்பாளர் என்று போடுவார்களாம். மாமியாருக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. கார்த்திகை தோறும் அந்தக் கோயிலுக்கு எண்ணெய் கொடுத்தவர் அவர்.

தெருவில் சங்கம் வைத்திருப்பது செங்கொடிக்காரர்கள். நெற்றி நிறையக் குங்குமத்தோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கோயில் சொத்து மக்கள் சொத்து என்று பேச்சாளர் ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த ஆயா எழுந்து, "அம்மனுக்கு வாடகை கொடுக்க மாட்டேன்னு யார்பா சொன்னா? இவ்ளோ எதுக்குன்னு ஆபீசரைத்தான் கேக்குறோம்" என்றது. கூட்டமே கைதட்டியது. பேச்சாளரும்தான்.

இப்போது நான் எந்தப் பக்கம் என்று மருமகப்பிள்ளை சொல்லட்டும்.

மின்ட் இரும்புக்கடை

யாரும் சொல்லத் தயங்குவதை நான் சொல்கிறேன். நான் வலது. மின்ட் தெருப் பக்கம் இரும்புச் சாமான் கடை, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். வலது என்றால் கலவரக்காரன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பம், பெரியவர்களுக்கு மரியாதை, முன்னோர் விட்டுப்போனதை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது, வரி குறைவாக வாங்கு, என் கணக்குப் புத்தகத்துக்குள் அதிகமாக மூக்கை நுழைக்காதே. இவ்வளவுதான் என் அரசியல். இதில் பாதி காளிகாம்பாள் கோயிலில் கற்றது, பாதி கடையில் கற்றது. இரண்டும் எனக்கு ஒட்டித்தான் இருக்கின்றன.

அக்கா கதை வருத்தம்தான். ஆனால் நோட்டீஸ் அனுப்பியது சாமியா? அரசு அதிகாரி. பிரான்சில் திருச்சபைச் சொத்தை எடுத்தது போல இங்கே நீதிக்கட்சி ஆட்சியில் 1925-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். அது 1951, 1959 என்று வளர்ந்து இன்று அறநிலையத்துறையாக நிற்கிறது. கோயிலை பக்தர்களிடம் கொடுத்துவிட்டால் அக்காவுக்கு இந்த நோட்டீஸ் வந்திருக்காது.

பௌர்ணமி அக்கா

அண்ணா, பக்தர் என்றால் எந்த பக்தர்? நானா, அறங்காவலர் நாற்காலிக்கு ஆசைப்படுகிற பெரிய வீட்டுக்காரரா? அவர் வந்தால் வாடகையைக் குறைப்பார் என்று எழுதிக் கொடுங்கள், நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

மூன்றாம் பீரியட்

இரும்புக்கடை அண்ணாச்சிக்கு ஒரு திருத்தம். பிரான்சில் சொத்தையே எடுத்தார்கள். இங்கே எடுத்தது நிர்வாகத்தை. நிலம் இன்றும் சாமி பெயரில்தான் இருக்கிறது, சட்டத்தின் கண்ணில் தெய்வம் சொத்து வைத்திருக்கக்கூடிய ஒரு நபர். அக்காவுக்குப் பட்டா கிடைப்பதில் உள்ள பெரிய முடிச்சே அதுதான். வக்ஃபு சொத்துக்கும் தனிச் சட்டமும் வாரியமும் இருக்கின்றன, ஆனால் இரண்டிலும் அரசின் பிடி ஒரே மாதிரி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. 1925 சட்டத்தைக் கொண்டுவந்த அரசுக்குத் தலைவர் பனகல் அரசர், ஒரு ஜமீன்தார். அவரை இடதுசாரி என்று சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார்.

ஜீவா ஸ்டேஷன்

பேச்சு இனிமையாகப் போகிறது, நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

பின்னி ஐயா 1918-ஐ அழகாகச் சொன்னார், 1921-ஐ விட்டுவிட்டார். அதே மில், அதே சங்கம், மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம். ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் அதில் சேரவில்லை. மில்லில் ஒரே கூலிக்கு ஓடினாலும் வெளியே வந்தால் சேரி வேறு, தெரு வேறு. வேலை போனால் அவர்களைத் தாங்க ஊரில் ஒரு துண்டு நிலம் கிடையாது. ஆதி திராவிடத் தலைவர் எம்.சி.ராஜா அந்தத் தொழிலாளர்கள் பக்கம் நின்று பேசினார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. எரித்தவனும் எரிந்தவனும் கும்பிட்டது கிட்டத்தட்ட ஒரே அம்மனைத்தான். பக்தி அவர்களைச் சேர்க்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. பிரித்தது சாதி. இடதா வலதா என்று கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

என் தாத்தா வீட்டில் பௌத்தம். அயோத்திதாசர் 1898-ல் ஆரம்பித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் வழி வந்த பேச்சு பெரம்பூரிலும் இருந்தது. அயோத்திதாசர் மதத்தை விடவில்லை, வேறு மதத்தைக் கையில் எடுத்தார். அவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்? சிங்காரவேலரும் ஆரம்பத்தில் பௌத்தத்தில் ஊறியவர். அவரேதான் 1923 மே 1 அன்று இதே சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடியவர், 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

அப்புறம் மருமகனுக்கு ஒரு கேள்வி. உலகம் முழுக்க என்று சொல்கிறாரே, யாரோ வீடு வீடாகப் போய் உன் மதம் என்ன, உன் ஓட்டு எது என்று கேட்டுத்தானே அந்தக் கணக்கு வருகிறது? என் அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வியாசர்பாடியில் ஒரு மாடி அறைச் சபைக்குப் போகிறவர். சாதிச் சான்றிதழில் இந்து. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்னும் சேர்க்கவில்லை. கணக்கெடுக்க வருகிறவரிடம் அம்மா என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? மருமகன் கணக்கு எங்கள் வீட்டு வாசலிலேயே உடைந்துவிடும்.

பழைய பின்னி

1921-ஐ விட்டது என் தப்பு. அப்பாவும் அந்தக் கதையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

மண்ணடி மாலை

எங்களையும் கொஞ்சம் பார்க்கலாம். வீட்டில் நாங்கள் பழமைவாதிகள், மறைக்கவில்லை. ஐந்து வேளைத் தொழுகை, கல்யாணம் காட்சி எல்லாம் மஹல்லா வழக்கப்படி. இதையே அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவர் சொன்னால் உடனே வலது என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஆனால் என் வாப்பா காலத்திலிருந்து ஓட்டு திராவிடக் கூட்டணிக்கு, அதில் கம்யூனிஸ்ட் நின்றால் கம்யூனிஸ்டுக்கு. முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் காட்டிய வழி என்பார்.

ஏன்? எங்களுக்கு வலது என்றால் எங்களை ஒதுக்குகிற கூட்டம் என்றுதான் அர்த்தமாகிறது. அது பயத்தில் போடுகிற ஓட்டு, கொள்கையில் போடுகிற ஓட்டு இல்லை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எல்லாரும் ஏதோ ஒரு பயத்தில்தான் போடுகிறோம்.

வட்டி வாங்காதே, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்குக் கொடு என்கிறது மார்க்கம். வியாபாரம் செய், லாபம் ஹலால் என்றும் சொல்கிறது. இது இடதா, வலதா? எங்கள் தெருவில் ஒரே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து, கடை முதலாளி ஒரு பக்கம், சுமை தூக்குகிறவர் ஒரு பக்கம் கூலிக்குச் சண்டை போடுவார்கள். இருவரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

மின்ட் இரும்புக்கடை

பாய், கடைசி வரி எங்கள் தெருவுக்கும் பொருந்தும். என் கடையில் லோடு இறக்குகிற பையனும் நானும் ஒரே காளிகாம்பாளிடம்தான் வேண்டிக்கொள்கிறோம். அவன் கூலி ஏற, நான் அது ஏறாமல் இருக்க.

காசிமேடு தடைக்காலம்

நீங்கள் எல்லாரும் ரொம்பப் படித்துவிட்டீர்கள். இங்கே ஒரு படகில் மாதா படமும் இருக்கும், அங்காளம்மன் விபூதியும் இருக்கும். புயலில் யார் வருவார் என்று யாருக்குத் தெரியும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நிவாரணப் பணம் ஒழுங்காக வருகிறதா, டீசல் மானியம் உண்டா, எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரம் சாம்பலில் தூர்ந்துபோவதை யார் கேட்பார்கள், அதற்குத்தான் ஓட்டு. அதையும் மீறி எங்கள் பெரியவர்களுக்கு ஒரு பக்தி இருந்தது, எம்.ஜி.ஆர். மேல். அதை எந்த மதத்தில் சேர்ப்பீர்கள்?

மெயின் ரோடு மாடி

இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான்.

ஐசிஎஃப் கேண்டீன்

ஒரே ஒரு காலத்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. 1979, 1980.

1979-ல் அமெரிக்காவில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு வலது பக்கம் ஓட்டுச் சேர்த்த அமைப்பு, மறு வருடம் ரீகன் வெற்றிக்கு உழைத்தது. மருமகனின் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. ஆனால் அதே நாட்டில், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற கறுப்பினக் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக ரீகனுக்கு எதிரே நின்ற ஜனநாயகக் கட்சிக்குத்தான் போட்டார்கள். இன்றும் அப்படித்தான். அதே பைபிள்தான். அதில் இவர்களுக்கு எகிப்திலிருந்து அடிமைகள் தப்பி வந்த கதை பெரியது.

1980 மார்ச் 24. எல் சால்வடாரில் ஆஸ்கர் ரொமேரோ என்ற பேராயர், ராணுவத்தின் கொலைகளைக் கண்டித்து ஏழைகள் பக்கம் பேசியவர், பூசை நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட கூட்டம் வலதுசாரிக் கூட்டம், அவர்களும் கத்தோலிக்க நாட்டின் பிள்ளைகள்தான்.

அதே வருடம் ஆகஸ்டில் போலந்தில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தளத்து வாயிற்கதவில் போப் படமும் மாதா படமும் மாட்டி, உள்ளேயே பூசை வைத்தார்கள். எதிர்த்தது யாரை? கம்யூனிஸ்ட் அரசை. தொழிலாளி, வேலைநிறுத்தம், சங்கம் எல்லாம் இடது பக்கத்துச் சொற்கள். ஜெபமாலை வலது பக்கத்துப் பொருள் என்பார்கள். அந்த வாசலில் இரண்டும் ஒரே கையில் இருந்தன. நம் துறைமுகத்து ஆட்கள் அங்கே போயிருந்தால் பூசணிக்காயும் உடைத்திருப்பார்கள்.

ஒரே மதம், இரண்டே வருடத்துக்குள் மூன்று நாட்டில் மூன்று திசை. நம் ஊரில் இந்து முன்னணி தொடங்கியதும் அதே 1980-ல்தான். மதம் ஓர் ஆளை எந்தப் பக்கம் தள்ளும் என்பது எதிரே நிற்கிற அதிகாரம் யாருடையது என்பதைப் பொறுத்தது என்று எனக்குப் படுகிறது.

மார்க்ஸ் அபின் என்று சொன்னதை மட்டும் எல்லாரும் சொல்வார்கள். 1844-ல் அச்சான அந்தக் கட்டுரையில் அதற்கு முந்தைய வாக்கியத்தில், மதம் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு, இதயமில்லாத உலகத்தின் இதயம் என்கிறார். கேண்டீனில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கொருக்குப்பேட்டை கேட்

கேட் மூடியிருக்கிறது, எழுத நேரம் கிடைத்தது.

நான் சொல்லப்போவது வேறு நாட்டுக் கதை இல்லை, எங்கள் தெருக் கதை. தொண்ணூறுகளில் நாங்கள் 14 பையன்கள். ஆடி மாதம் கூழ் வார்க்க வசூல், மார்கழியில் விடியற்காலை பஜனை, பொங்கலுக்குக் கபடி. ரசீதுப் புத்தகத்தை நாங்களே அச்சடிப்போம், மேலே தெருப் பெயர், கீழே 'விழாக் குழுவினர்'. அதில் ஒருவன் அப்பா தி.மு.க., ஒருவன் அப்பா மில் சங்கம், இரண்டு பேர் கிறிஸ்தவர்கள். கூழில் கருவாடு போடுவதா வேண்டாமா என்பதைத் தவிர வேறு சண்டை வந்ததில்லை.

ஒரு வருடம் வெளியிலிருந்து ஒருவர் வந்தார். விநாயகர் சதுர்த்திக்குப் பெரிய பிள்ளையார் தருகிறேன், பந்தல் செலவு என்னுடையது என்றார். மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டோம். அடுத்த வருடம் ரசீதுப் புத்தகமும் அவரே அடித்துக் கொடுத்தார். மேலே எங்கள் தெருப் பெயர் சின்னதாகி, வேறொரு பெயர் பெரிதாக வந்தது. ஊர்வலம் எப்போதும் காசிமேட்டுக்கு எந்த வழியாகப் போகுமோ அந்த வழி வேண்டாம், பள்ளிவாசல் இருக்கிற தெரு வழியாகப் போகலாம் என்றார்கள். அது சுற்று வழி, ஏன் என்று கேட்டேன். பதில் வரவில்லை. கிறிஸ்தவப் பையன்கள் இரண்டு பேரும் அந்த வருடம் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்.

எங்கள் பக்தி முந்தைய வருடத்தைவிட ஒரு சொட்டு கூடவில்லை. ஒரு சொட்டு குறையவும் இல்லை. 14 பேரில் நாலைந்து பேர் இன்று அந்தக் கட்சிக்கு வேலை செய்கிறார்கள், நல்ல பையன்கள், எனக்கு இரத்தம் வேண்டுமென்றால் முதலில் ஓடி வருவார்கள். அதனால் எவனாவது வந்து சாமி கும்பிடுகிறவன் எந்தப் பக்கம் என்று கேட்டால், ரசீதுப் புத்தகத்தை யார் அடித்தது என்று திருப்பிக் கேட்பேன். பின்னி ஐயாவின் சபையிலும் அதேதான் நடந்தது, அங்கே புத்தகம் செட்டியார், நாயுடு கையில் இருந்தது.

கேட் திறந்துவிட்டது.

ஜீவா ஸ்டேஷன்

அண்ணே, கதை நெஞ்சில் நிற்கிறது. ஆனால் முழுவதையும் ரசீதுப் புத்தகத்தின் தலையில் கட்ட முடியாது. நம்பிக்கைக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். என் பாட்டி கையெழுத்துப் போடத் தெரியாததற்கும், நகரசபையில் குப்பை அள்ளியதற்கும், போன பிறவியில் செய்த பாவம் என்று கடைசி வரை நம்பினார். அதை அவருக்கு எந்தக் கட்சியும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. அப்படி நம்புகிறவரைச் சங்கக் கூட்டத்துக்குக் கூட்டிவருவது எவ்வளவு கஷ்டம் என்று வேலை செய்தவர்களைக் கேளுங்கள். பெரியார் 1953-ல் பிள்ளையார் சிலையை உடைத்தது சும்மா வேடிக்கைக்கு இல்லை.

பழைய பின்னி

சரிதான். ஆனால் 1949-ல் நம் பவளக்காரத் தெருவில் தி.மு.க. தொடங்கி, ராபின்சன் பூங்காவில் மழையில் முதல் கூட்டம் போட்டவர்கள், அந்த வழியில் போனால் வீட்டுக்குள்ளே இருக்கும் பெண்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் பிறகு ஒன்றே குலம் ஒருவனே தேவன் என்றார்கள். அது திருமூலர் வரி. உங்கள் ஸ்டேஷன் யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஜீவாவும் அப்படித்தான். 1952-ல் வண்ணாரப்பேட்டையில் கம்யூனிஸ்டாக நின்று ஜெயித்தவர், மேடையில் கம்பனை எடுத்தால் ராம பக்தர்களும் எழுந்து போகமாட்டார்கள். பக்தனாகவா பேசினார்? இல்லை. ஆனால் கேட்கிறவரின் நெற்றியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

பௌர்ணமி அக்கா

தம்பி ஜீவா ஸ்டேஷன், உங்கள் பாட்டி விஷயம் மனதைப் பிசைகிறது. என் மாமியாரும் முதலில் தலையெழுத்து என்றுதான் சொன்னார். நோட்டீஸில் ஆக்கிரமிப்பாளர் என்று பார்த்ததும், "நான் யார் வீட்டை ஆக்கிரமிச்சேன், அம்மனே வந்து சொல்லட்டும்" என்று மறியலுக்கு வந்துவிட்டார். அதே நம்பிக்கைதான். அன்றைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

கல்மண்டபம் ஸ்டாண்டு

எல்லாவற்றையும் மருமகனுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டுக்கே வந்தான். போலந்து விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பெரம்பூர் விஷயம் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி மாமா, நேற்று வரை என் கணக்கில் இருந்தது யார், இல்லாமல் போனது யார் என்று திரும்பப் பார்க்கிறேன்" என்றான். ஒத்துக்கொள்ள மாட்டான், எனக்குத் தெரியும்.

செயலாளரிடமும் கேட்டேன், நீங்கள் சாமி நம்புகிறீர்களா என்று. அவர் சங்கத்தில் 30 வருடம், கட்சி வகுப்பெல்லாம் எடுத்தவர். "எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நான் உடைக்காவிட்டால் பூசணிக்காயை உடைக்க வேறு ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான்" என்றார். கொருக்குப்பேட்டை அண்ணன் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டவே இல்லை.

ஜீவா ஸ்டேஷன்

அந்தப் பதிலில் எனக்குப் பாதிதான் சம்மதம். மீதியை நேரில் பேசலாம், டீ உங்கள் செலவு.

மின்ட் இரும்புக்கடை

இடது வலது எதுவாக இருந்தாலும் சரி, பூசணிக்காயைச் சாலை நடுவில் உடைக்காதீர்கள். போன வருடம் எம்.சி.ரோட்டில் பைக் வழுக்கி முட்டி போய்விட்டது.

காசிமேடு தடைக்காலம்

அண்ணாச்சி, இடது முட்டியா வலது முட்டியா?

கல்மண்டபம் ஸ்டாண்டு

அடுத்த வருடம் ஓரமாக உடைக்கச் சொல்கிறேன் அண்ணாச்சி. ஒரு மூட்டைப் பொரி மிச்சம் இருக்கிறது, நமுத்துப் போவதற்குள் கல்மண்டபம் பக்கம் வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போங்கள்.